நீச்சல்தொட்டியின் நெடி

காரியாபட்டி வட்டாரத்தில் நீச்சல் என்றால் கிணற்றில் பழகியதுதான். சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, மாமனோ சித்தப்பாவோ மேலிருந்து தள்ளிவிட, நாலு வாய் தண்ணீர் குடித்துக் கரையேறியவர்கள் இங்கே நிறையப் பேர். அந்தக் கிணறுகளில் பல வற்றிப்போய்ச் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கின்றன. வசதியுள்ளவர்கள் தோட்டத்து வீட்டோடு சின்னதாக ஒரு நீச்சல்தொட்டி கட்டிக்கொள்கிறார்கள். தொட்டி வந்த சில மாதங்களில் ஒரு புகாரும் வந்துவிடுகிறது. கிட்டப் போனாலே மூக்கைத் துளைக்கிற நெடி, பிள்ளைகளுக்குக் கண் சிவப்பு, தொண்டைக் கரகரப்பு. “மருந்து ஜாஸ்தியாப் போச்சு, ரெண்டு நாளைக்குப் போடாதீங்க” என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதிலும் சரியாகாவிட்டால் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டு, டேங்கர் லாரிக்குப் போன் போடுவார்கள்.

இரண்டுமே தப்பான வைத்தியம். நீச்சல்தொட்டியில் நெடி அடித்தால், பெரும்பாலும் குளோரின் கூடிவிட்டது என்று பொருள் அல்ல, வேலை செய்யக்கூடிய குளோரின் தீர்ந்துவிட்டது என்றுதான் பொருள். சரியான அளவில் குளோரின் உள்ள சுத்தமான தொட்டி அவ்வளவாக மணக்காது. பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்தால் வருகிற வாசனை வேறு, நீச்சல்தொட்டியின் மேல் நிற்கிற அந்தக் காரமான நெடி வேறு. பின்னதன் பெயர் குளோரமின்.

குளோரமின் கடையில் வாங்கிப் போட்டதல்ல, குளித்தவர்கள் உடம்பிலிருந்து வந்தது. வியர்வையில் உப்பு மட்டும் இல்லை, யூரியாவும் அம்மோனியாவும் அமினோ அமிலங்களும் இருக்கின்றன. சிறுநீரில் யூரியா இன்னும் அதிகம். நம் ஊர்க் கடைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறதே, வயலுக்குப் போடும் யூரியா, வேதியியல்படி அதே பொருள்தான். பயிருக்கு எதற்காக அதைப் போடுகிறோமோ அந்த நைட்ரஜன்தான் தொட்டியில் தொல்லை செய்கிறது. தண்ணீரில் உள்ள குளோரின் இந்த நைட்ரஜன் பொருள்களைக் கண்டதும் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு குளோரின் அணு ஒட்டினால் மோனோகுளோரமின், இரண்டு ஒட்டினால் டைகுளோரமின், மூன்று ஒட்டினால் டிரைகுளோரமின். முதலாவதற்கு வாசனை குறைவு. மூன்றாவதுதான் வில்லங்கம். அது தண்ணீரில் கரைந்து கிடக்காமல் வெளியே கிளம்பிவிடும். காற்றைவிடக் கனமானது என்பதால் நீர்ப்பரப்பை ஒட்டியே தங்கும். நீந்துகிறவரின் மூக்கும் கண்ணும் அதே உயரத்தில்தான் இருக்கின்றன.

இந்த டிரைகுளோரமினுக்கு ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சு வேதியியலாளர் பியர் துலாங் 1811-இல் இதைத் தூய நிலையில் தயாரித்தபோது அது வெடித்து, ஒரு கண்ணையும் இரண்டு விரல்களையும் இழந்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி அதையே செய்து பார்த்துக் கண்ணில் காயம்பட்டார். குளோரினுக்கு 1810-இல் பெயர் வைத்தவர் அவர்தான். கண் சரியில்லாமல் குறிப்பெழுத ஆள் வேண்டியிருந்தபோது வந்து சேர்ந்த இளைஞர்தான் மைக்கேல் ஃபாரடே. நம் தொட்டியில் உருவாவது மிக மிக நுண்ணிய அளவு, வெடிக்கிற பேச்சே கிடையாது. ஆனால் கண்ணை உறுத்த அந்த அளவு போதும். மூடிய கூரைக்குள் இருக்கும் குளங்களில் இதன் அளவு காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டியில் தற்காலிக வரம்பு வைத்திருக்கிறது. வெயிலுக்காகத் தொட்டியின் மேல் தகரக் கொட்டகை போட்டு, தூசிக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். திறந்தவெளியில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வெயிலும் குளோரமினை ஓரளவு உடைக்கும். கொட்டகைக்குள் இந்த இரண்டு உதவியும் இல்லை.

குளிக்கிறவர்கள் எவ்வளவு கலக்கிறார்கள் என்பதைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு நல்ல வழியில் கண்டுபிடித்தார்கள். குளிர்பானங்களில் இனிப்புக்குச் சேர்க்கும் அசிசல்ஃபேம் பொட்டாசியம் உடலில் செரிக்காமல் அப்படியே சிறுநீரில் வெளியேறும். குளத்து நீரில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், எவ்வளவு சிறுநீர் கலந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம். சுமார் 8.3 லட்சம் லிட்டர் கொண்ட ஒரு பொதுக் குளத்தில் 75 லிட்டர் சிறுநீர் இருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். கனடாவின் குளிரிலேயே இப்படி. நம் ஊர் சித்திரை வெயிலில் வேர்த்து விறுவிறுத்து, தலையில் தேங்காய் எண்ணெயோடும், முகத்தில் பவுடரோடும், கல்யாண வீட்டுக்கு வந்த பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் குதித்தால் ஒரு சின்னத் தொட்டியின் கதி என்ன ஆகும்? அன்று போட்டிருந்த குளோரின் அரை மணியில் ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடும்.

கிணற்றில் இந்த நெடி ஏன் வந்ததில்லை என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கிணற்றில் குளோரினே இல்லை, அதனால் குளோரமினும் இல்லை. தவிர, பம்புசெட் ஓடினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் போய்விடும், ஊற்று புதிதாக ஊறும். வீட்டுத் தொட்டியில் அதே தண்ணீர்தான் மாதக்கணக்கில் வடிகட்டி வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. அப்படியானால் குளோரின் இல்லாமலே விட்டுவிடலாமா? கூடாது. 2024-இல் மே முதல் ஜூலை வரை கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி மூன்று குழந்தைகள் இறந்தார்கள். வெதுவெதுப்பான, கிருமிநீக்கம் செய்யாத நீரில் வாழ்கிற உயிரி அது, மூக்கு வழியாக ஏறுகிறது. கோடையில் நம் தொட்டித் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்புதான். நெடிக்குப் பயந்து மருந்தை நிறுத்துவது, காவலுக்கு நிற்கிறவனை வீட்டுக்கு அனுப்புகிற காரியம்.

ஆகவே தொட்டித் தண்ணீரில் இரண்டு வகைக் குளோரின் இருக்கிறது. எதனோடும் சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக நிற்பது தனிக் குளோரின். நைட்ரஜனோடு ஒட்டிக்கொண்டு, பலமிழந்து, நெடியடிப்பது சேர்ந்த குளோரின். இரண்டையும் கூட்டினால் மொத்தக் குளோரின். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. புரியாமல் போவதற்குக் காரணம், நாம் சோதிக்கிற முறை.

ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கு மருந்து போடுகிற ஆபரேட்டர் செய்வதைப் பார்த்தால் தெரியும். பிளீச்சிங் பவுடரை முதலில் கொஞ்சம் தண்ணீரில் பசையாகக் குழைக்கிறார். பிறகு வாளி நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கித் தெளிய விடுகிறார். அடியில் சுண்ணாம்பு வண்டல் தங்க, மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுகிறார். வண்டல் வெளியே போகும். அரை மணி கழித்துத்தான் வால்வைத் திறக்கிறார். கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோராஸ்கோப்பில் சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கிறார். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருந்தால் குடிதண்ணீருக்குப் போதும். மிகவும் நேர்த்தியான வேலை, ஊர் ஆரோக்கியம் அதில் இருக்கிறது. ஆனால் அந்த மஞ்சள் சொட்டு, ஆர்த்தோடொலிடின், நீச்சல்தொட்டிக்குப் பற்றாது. அது தனிக் குளோரினையும் சேர்ந்த குளோரினையும் பிரித்துச் சொல்லாது. செத்துப்போன குளோரினுக்கும் மஞ்சள் காட்டிவிடும். “மஞ்சள் நல்லாத்தான் வருது, அப்ப மருந்து அதிகம்தான்” என்ற முடிவு அங்கிருந்துதான் பிறக்கிறது.

நீச்சல்தொட்டிக்கு வேண்டியது டிபிடி மாத்திரைச் சோதனை. சின்னக் கண்ணாடிக் குப்பியில் பத்து மில்லி தொட்டித் தண்ணீரை, முழங்கை ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும். முதல் எண் மாத்திரையை நசுக்கிப் போட்டால் இளஞ்சிவப்பு வரும், அது தனிக் குளோரின். அளவைக் குறித்துக்கொண்டு, அதே குப்பியில் மூன்றாம் எண் மாத்திரையைப் போட்டு இரண்டு நிமிடம் வைக்க வேண்டும். நிறம் அப்படியே நின்றால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. இன்னும் அடர்த்தியாகச் சிவந்தால், கூடிய அந்த அளவுதான் சேர்ந்த குளோரின். நெடி அடிக்கிற தொட்டியில் முதல் மாத்திரைக்கு நிறமே வராமல், மூன்றாவதற்குப் பளிச்சென்று சிவப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் பிறகு மருந்தை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் தனிக் குளோரின் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்றும், சேர்ந்த குளோரின் 0.4-ஐத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

என்ன நடவடிக்கை? இங்கேதான் வேதியியல் நம் பொதுப்புத்திக்கு நேர் எதிராகப் போகிறது. நெடியைப் போக்க இன்னும் குளோரின் போட வேண்டும், அதுவும் கொஞ்சமாக அல்ல, ஒரே தடவையில் போதுமான அளவு. குளோரின் ஏற ஏற, முதலில் மோனோகுளோரமின் கூடும். மேலும் ஏறினால் அது டை, டிரை என்று மாறும், நெடி இன்னும் மோசமாகும். அதையும் தாண்டி ஏறினால் குளோரமின்கள் உடைந்து, நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். அந்த முறிவு நிலையைக் கடந்த பிறகு போடுகிற குளோரின் முழுவதும் தனிக் குளோரினாக நிற்கும். பயந்து பயந்து கைப்பிடி கைப்பிடியாகப் போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் முறிவு நிலைக்குக் கீழேயே நின்றுவிடுகிறார். அவர் போட்ட மருந்தே நெடியைக் கூட்டுகிறது. “போடப் போட வாசனை ஏறுது” என்று அவர் சொல்வது உண்மைதான், எடுத்த முடிவுதான் தலைகீழ்.

நடைமுறைக் கணக்கு எளிது. சேர்ந்த குளோரினின் அளவைப் போலப் பத்து மடங்கு தனிக் குளோரின் ஏற வேண்டும். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் 30,000 லிட்டர் பிடிக்கும். சோதனையில் சேர்ந்த குளோரின் 0.8 என்று வந்தால், லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஏற்ற வேண்டும். மொத்தம் 240 கிராம் குளோரின். புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆகவே சுமார் 730 கிராம் வேண்டும். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 370 கிராம் போதும். “புதிய” என்ற சொல்லைக் கவனியுங்கள். வாய் திறந்த மூட்டை தகரக் கொட்டகை வெப்பத்தில் சில வாரம் இருந்தால் அதில் மிஞ்சுவது பெரும்பாலும் சுண்ணாம்புதான். எடை சரியாக இருக்கும், வேலை நடக்காது.

இதைச் சூரியன் இறங்கிய பிறகு செய்ய வேண்டும். நம் வெயிலில் தனிக் குளோரின் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், பகலில் போட்டது பாதி வீண். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பவுடர். பவுடரின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. தார்ப்பாயை விலக்கி, மோட்டாரை இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் மறுபடி சோதிக்க வேண்டும். தனிக் குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. யூரியா மெதுவாகத்தான் வினைபுரியும், ஒரே இரவில் முடியாமல் இரண்டாவது தடவையும் தேவைப்படலாம்.

நம் பக்கத்துத் தண்ணீருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பும் கடினமும் கொண்டது. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். இந்தத் தண்ணீரைத் திறந்த தொட்டியில் விட்டு வைத்தால் கரியமில வாயு வெளியேறி, காரத்தன்மை, அதாவது பி.எச்., ஏறும். பிளீச்சிங் பவுடரும் அதை ஏற்றும். பி.எச். 7.5-இல் தனிக் குளோரினில் ஏறக்குறையப் பாதிதான் கிருமியை வேகமாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருக்கும். 8-க்கு ஏறினால் அது கால்வாசி ஆகிவிடும். அளவு ஒன்றுதான், பலம் பாதி. அதற்காகப் பி.எச்.ஸை மிகவும் இறக்கினால் டிரைகுளோரமின் அதிகமாக உருவாகும். 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் நிறுத்துவதே நல்லது. இறக்குவதற்கு ஆசிட் ஊற்றுகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. ஆசிட்டும் குளோரின் பவுடரும் ஒரே வாளியில், ஒரே அளவுக் கோப்பையில், ஒரே நேரத்தில் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் கிளம்புவது குளோரின் வாயு, அது நுரையீரலைப் பொசுக்கும். ஆசிட்டை ஒரு நாள் காலை, பவுடரை மறுநாள் மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்கள் விரும்பி விற்பது டிசிசிஏ என்ற வெள்ளை மாத்திரை. மிதவையில் போட்டால் தானாகக் கரையும், வேலை மிச்சம். இதில் சயனூரிக் அமிலம் சேர்ந்து வருகிறது. வெயிலில் குளோரின் சிதையாமல் காப்பது அதுதான், 30 முதல் 50 மில்லிகிராம்வரை நமக்கு நல்லது செய்யும். ஆனால் அது ஆவியாகாது, சிதைவதும் சொற்பம். நாம் சொன்ன 30,000 லிட்டர் தொட்டியில் ஒரு கிலோ மாத்திரை கரைந்தால் சுமார் 18 மில்லிகிராம் ஏறும். ஆறு கிலோ கரைந்த பிறகு நூறைத் தாண்டும். அப்போது குளோரினைக் கட்டிப்போட்டுவிடும், முறிவு நிலைக்குப் போடுகிற பவுடரும் எடுபடாது. அதைக் குறைக்கக் கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றுவது ஒன்றுதான் வழி. மாத்திரையோடு கால்சியம் ஹைப்போகுளோரைட்டைக் கலந்துவிட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் தனித்தனிக் கரண்டி வேண்டும்.

நம் ஊரில் கரிமூட்டம் பழக்கமான தொழில் என்பதால், மூட்டைக் கரியை வாங்கித் தொட்டியில் போட்டால் வாசனையை உறிஞ்சாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. சாதாரணக் கரிக்கு அந்த சக்தி கிடையாது, தண்ணீர்தான் கறுக்கும். நீராவியில் பதப்படுத்திய செயலூட்டிய கரி குளோரமினை நீக்கும், ஆனால் அதற்கு முன்னால் நல்ல குளோரினை விழுங்கிவிடும்.

தண்ணீரை மாற்றினால் தீர்ந்தது என்பதற்கு உலகம் பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் ஒரே இரவில் பச்சையானது. யாரோ ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்ற, அது குளோரினைச் செயலிழக்கச் செய்துவிட்டது. கருவிகளோ குளோரின் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துக் குளத்தின் 37 லட்சம் லிட்டர் தண்ணீரை ஒரே இரவில் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பினார்கள். அவர்களால் முடிந்தது. 12,000 லிட்டர் லாரியில் இரண்டரை லாரி வேண்டும் நம் வீட்டுத் தொட்டி நிறைய. குண்டாற்றில் மழைக்காலத்தில்கூடத் தண்ணீர் வருவது உறுதியில்லாத சீமையில், பக்கத்து ஊரில் குடத்தோடு வரிசையில் நிற்கிறவர்களுக்கு நடுவே, சோதிக்காமல் தொட்டியைத் திறந்துவிடுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. 24 சதுர மீட்டர் பரப்பில் கோடையில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் ஆவியானாலே 120 லிட்டர் போய்விடும். பயன்படுத்தாதபோது தொட்டியை மூடி வையுங்கள், மருந்து போடும் இரவில் மட்டும் திறந்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விட மலிவான மருந்து தொட்டிக்கு வெளியே இருக்கிறது. இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் உடம்பின் மேல் உள்ள அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். ஷவர் இல்லாவிட்டால் இரண்டு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு. தலையில் எண்ணெய் இருந்தால் சீயக்காயும் ஆகும். பிள்ளைகளை அரை மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அனுப்புங்கள், கேட்டுக் காத்திருக்காதீர்கள். வேப்பிலையும் குருவி எச்சமும் விழுந்தால் அன்றைக்கே வலையால் அள்ளிவிடுங்கள், வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவ மறக்காதீர்கள்.

கடைசியாக, தண்ணீரை வெளியேற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மருந்து போடுவதை நிறுத்தி, சில நாள் வெயிலில் வைத்து, டிபிடி சோதனையில் மூன்றாம் மாத்திரைக்கும் நிறம் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உப்பு அதிகம் உள்ள தண்ணீர் மல்லிகைக்கும் வெண்டைக்கும் ஆகாது, தென்னை ஓரளவு தாங்கும். வேறு வழியில்லையென்று ஓடையில் திருப்பிக் கண்மாய்க்கு அனுப்பிவிடாதீர்கள். நம் மூக்குக்கு எட்டாத அளவு குளோரமினே மீனைக் கொன்றுவிடும்.